'ரெகுலேட்டட்' என்றால் அரசு அனுமதி என்று பொருளல்ல!

ஜமுனாமரத்தூரில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டார். பை தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் சரக்குக்காரர் ஒருவர், கைக்கு அடக்கமான பெட்டி ஒன்றை அவரிடம் காட்டியிருக்கிறார். "அட்டையிலேயே 'ரெகுலேட்டட்'னு போட்டிருக்கு பாருங்க அண்ணே. கவர்ன்மென்ட் ஒழுங்குபடுத்தின சரக்கு. பத்து பீஸ் வெச்சுப் பாருங்க. வித்தா காசு குடுங்க, விக்கலேன்னா அடுத்த டிரிப்ல நானே எடுத்துக்கறேன்" என்பது அவருடைய பேச்சு.

கைமுதல் இல்லை, திருப்பி எடுத்துக்கொள்வதாக வாக்கு வேறு. பீமன் நீர்வீழ்ச்சிக்கும் கோமுட்டேரி படகுத் துறைக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் வெளியூர் இளைஞர்கள் வந்து போகும் மலை இது. கேட்பார் இருப்பார்கள் என்று நம் உறுப்பினருக்கும் தோன்றியிருக்கிறது. ஆயினும் அவர் அவசரப்படாமல், "இது நல்ல சரக்குதானா, சோதித்துப் பார்க்க வழி உண்டா?" என்று கேட்டார்.

வாங்கும் முன் கேட்டதற்காக அவரைப் பாராட்டுகிறோம். வழி உண்டு. ஆனால் அந்தச் சோதனையில் முதல் மார்க் வாங்கினாலும் இந்தப் பொருளை நம் கடையில் வைக்க முடியாது. இரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

புகையிலையைக் கொளுத்தாமல், ஒரு திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கி உறிஞ்ச வைக்கும் மின்கருவிக்கு மின்னணு சிகரெட் என்று பெயர். பேச்சு வழக்கில் 'வேப்' என்கிறார்கள். இன்றைய வடிவத்துக்கு வழிகாட்டிய கருவியைச் சீனாவைச் சேர்ந்த ஹோன் லிக் என்ற மருந்தாளர் 2003-இல் உருவாக்கினார். அதன் பிறகு பேனா போலவும், பென் டிரைவ் போலவும், தீப்பெட்டி போலவும் எத்தனையோ உருவங்களில் வந்துவிட்டது.

நம் உறுப்பினர் பார்த்தது 'ஸ்குவாங்க்' என்னும் வகை. பெட்டியின் உள்ளே மிருதுவான சிறு குப்பி ஒன்று இருக்கும். அதில் சாதாரணமாக 7 அல்லது 8 மில்லி திரவம் பிடிக்கும். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு திறப்பு வைத்திருப்பார்கள். அதன் வழியே விரலால் குப்பியை அமுக்கினால், கண் சொட்டு மருந்துக் குப்பியை அமுக்குவது போல, திரவம் மேலேறி உச்சியில் உள்ள பஞ்சை நனைக்கும். பஞ்சைச் சுற்றி அல்லது பஞ்சு நுழைந்தபடி ஒரு சுருள் கம்பி இருக்கும். பொத்தானை அழுத்தினால் கம்பி சூடாகும், பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகும். விரலை எடுத்தவுடன் குப்பி பழைய நிலைக்கு விரிந்து, மிச்சத் திரவத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

திரவம் என்பது பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், நிகோடின் ஆகியவற்றின் கலவை.

எதை 'ரெகுலேட்' செய்கிறார்கள்?

நம் கடையில் மின்விசிறிக்கு ரெகுலேட்டர் இருக்கிறது. அதனால் அந்த விசிறி அரசாங்க விசிறி ஆகிவிடுமா? ஓடும் வேகத்தை ஒழுங்குபடுத்துகிறது, அவ்வளவுதான். இந்தப் பெட்டியின் மேல் உள்ள சொல்லுக்கும் அதே பொருள்தான்.

இந்தக் கருவிகளில் இரு வகை உண்டு. பேட்டரியிலிருந்து மின்சாரம் நேராகச் சுருள் கம்பிக்குப் போவது ஒரு வகை. நடுவே எந்தத் தடுப்பும் இராது. இதை 'மெக்கானிக்கல்' என்பார்கள். பேட்டரிக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சர்க்யூட் போர்டு நின்று, எத்தனை வாட் போக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று கட்டுப்படுத்துவது மற்றொரு வகை. அதுதான் 'ரெகுலேட்டட்'. ஆக, அச்சொல் மின்சாரத்தைப் பற்றியது. அரசு, உரிமம், தரச்சான்று எதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

சோதனை எப்படி நடக்கிறது?

மின்னணு சிகரெட் விற்பனை அனுமதிக்கப்பட்டுள்ள நாடுகளில், இவற்றைச் சோதிப்பவர்கள் முக்கியமாக நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்.

முதலாவது, சொன்ன வாட் வருகிறதா என்பது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, கம்பியின் ஓம் அளவால் வகுத்தால் வாட் கிடைக்கும். 0.25 ஓம் கம்பிக்கு 60 வாட் தர வேண்டுமானால் 3.87 வோல்ட் தேவை. அப்போது கம்பியில் ஓடுவது 15.5 ஆம்பியர். நாம் முன்பு கடையில் எரித்த 60 வாட் குண்டு பல்பு 230 வோல்ட்டில் ஏறத்தாழ கால் ஆம்பியர்தான் எடுத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டியில் ஓடும் மின்சாரம் எவ்வளவு என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இத்தகைய பெட்டியில் ஒரே ஒரு லித்தியம் செல் இருப்பதாகக் கொள்வோம். முழுதாகச் சார்ஜ் ஏறிய செல் 4.2 வோல்ட் காட்டும். வேலை வாங்கும்போது அது இறங்கிவிடும். 3.5 வோல்ட்டுக்கு இறங்கிய நிலையில், வோல்ட்டை உயர்த்தித் தரும் அமைப்பு போர்டில் இல்லையென்றால், மேற்படி கம்பிக்கு அதிகபட்சமாக 49 வாட்தான் கிடைக்கும். திரையில் 60 என்றே எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்கத்தான் சோதனையாளர்கள் ஆஸிலாஸ்கோப் வைத்து, கம்பிக்குப் போகும் வோல்ட்டை நேரடியாக அளக்கிறார்கள். எடைத்தராசின் முள்ளை நம்பாமல் முத்திரையிட்ட படிக்கல்லை வைத்துப் பார்ப்பது போல என்று கொள்ளலாம்.

இரண்டாவது, பேட்டரி தாங்குமா என்பது. அட்டையில் 80 வாட் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போர்டில் பத்தில் ஒரு பங்கு மின்சாரம் வீணாகிறது, செல் 3.3 வோல்ட்டில் நிற்கிறது என்று கணக்கிட்டால், அந்த ஒற்றைச் செல்லிலிருந்து சுமார் 27 ஆம்பியர் இழுக்க வேண்டும். 18650 என்னும் பரவலான அளவில், நல்ல கம்பெனிச் செல்களிலேயே பலவும் 20 முதல் 25 ஆம்பியர் வரைதான் தொடர்ந்து தரக்கூடியவை. எல்லை மீறி இழுத்தால் செல் சூடேறும். சூடு கட்டுக்கடங்காமல் போனால் தீப்பற்றும், வெடிக்கும்.

மூன்றாவது, அமுக்கும் குப்பியின் செயல். ஒரு முறை அமுக்கினால் பஞ்சு போதுமான அளவு நனைகிறதா, அதிகமாகி வழிகிறதா, மிச்சம் திரும்பக் குப்பிக்கு இறங்குகிறதா, வழிந்தது போர்டுக்குள் கசிகிறதா என்று பார்ப்பார்கள். பஞ்சு காய்ந்த நிலையில் கம்பி சூடேறினால் திரவம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுப் பொருள்கள் உண்டாகின்றன. காய்ந்த பஞ்சு கருகவும் செய்யும்.

நான்காவது, காவல் ஏற்பாடுகள். கம்பி ஷார்ட் ஆனால் போர்டு தானாக நிறுத்துகிறதா? சார்ஜ் மிகவும் இறங்கினால் நிறுத்துகிறதா? பையில் கிடந்தபடி பொத்தான் அழுந்திக்கொண்டே இருந்தால் சில வினாடிகளில் நிற்கிறதா? போர்டு சூடேறினால் அடங்குகிறதா? இவை இல்லாத கருவி ஆபத்தானது. 2018 மே மாதத்தில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் இத்தகைய கருவி ஒன்று வெடித்ததில் ஒருவர் உயிரிழந்தார்.

சோதனை எதைச் சொல்லாது?

மேலே சொன்ன நான்கிலும் ஒரு பெட்டி தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் தெரிவது என்ன? வாட் சரியாக வருகிறது, செல் தாங்குகிறது, கசியவில்லை, ஆபத்து நேரத்தில் நிற்கிறது. இவ்வளவுதான்.

குப்பிக்குள் ஊற்றியது என்ன என்பதை ஆஸிலாஸ்கோப் சொல்லாது. 2019-இல் அமெரிக்காவில் வேப் உறிஞ்சியவர்களுக்குக் கடுமையான நுரையீரல் பாதிப்பு பரவலாகக் கண்டறியப்பட்டது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ இறந்தோ பதிவாயினர், இறந்தவர்கள் 68 பேர். கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் இ அசிட்டேட் என்னும் பொருளே இதற்கு முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. கோளாறு கருவியின் வாட்டில் இல்லை, திரவத்தில் இருந்தது.

நிகோடின் பழக்கத்துக்கு அடிமைப்படுத்தும் பொருள். திரவமாக இருக்கும்போது, பழ வாசனையை நம்பி ஒரு குழந்தை வாயில் வைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. பீடி, சிகரெட் பக்கமே போகாத மலைக் கிராமத்துப் பையன் ஒருவன் இதைப் பழகிக்கொண்டால், அதையும் எந்த மீட்டரும் காட்டாது. நம்மிடம் சாமையும் தேனும் புளியும் கொண்டுவந்து போட்டு, அரிசி பருப்பு வாங்கிப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். தலைமுறையாகத் தொடரும் அந்த உறவை ஒரு பெட்டி லாபத்துக்காகக் கெடுத்துக்கொள்ளலாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழக அரசு 2018-ஆம் ஆண்டிலேயே மின்னணு சிகரெட்டுக்குத் தடை விதித்தது. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அது முழுச் சட்டமாக நிறைவேறியது. அதன்படி மின்னணு சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, ஏற்றுமதி செய்வது, ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டு செல்வது, விற்பது, விநியோகிப்பது, சேமித்து வைப்பது, விளம்பரம் செய்வது அனைத்தும் குற்றம்.

விற்பனை, விநியோகம், விளம்பரம் போன்றவற்றுக்கு முதல் முறை 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும். சரக்கைச் சேமித்து வைத்ததற்கு மட்டும் 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரிக்குச் சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் அதிகாரம் உண்டு.

வணிகர்கள் வழக்கமாகக் கேட்பவை

"நிகோடின் இல்லாத, வெறும் வாசனைத் திரவம்தானே?" அதுவும் கூடாது. நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்தப் பெயரில், எந்த உருவத்தில், எந்த அளவில் வந்தாலும் தடை பொருந்தும். மின்னணு ஹூக்காவும் இதில் அடக்கம்.

"முழுக் கருவி இல்லை, உதிரி பாகம் மட்டும்தான்." முழுப் பொருளாக இருந்தாலும் அதன் பாகமாக இருந்தாலும் ஒன்றே என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இந்தக் கருவிக்கென்றே வரும் அமுக்கும் குப்பி, சுருள் கம்பித் தலைப்பகுதி ஆகியவற்றைத் தனியாக விற்றாலும் தப்ப முடியாது.

"சரக்கு அவருடையது, நான் இடம் மட்டும்தான் கொடுத்தேன்." தெரிந்தே சேமிக்க இடம் கொடுப்பதும் குற்றம். 'விற்றால் காசு' என்று வைத்துவிட்டுப் போகும் சரக்குக்கு, சோதனை நடக்கும் நாளில் கடையில் இருப்பவர் நாம்தான். பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அன்று போளூரிலோ ஆலங்காயத்திலோ எங்கே இருப்பாரோ!

"ஆன்லைனில் கிடைக்கிறதே?" ஆன்லைன் விற்பனையும் அதே தடையில் அடங்கும். ஒருவர் தவறு செய்வது நமக்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

"வெளிநாட்டில் தாராளமாக விற்கிறார்களே?" உண்மை. பிரிட்டனில் 18 வயது நிரம்பியவர்களுக்கு விற்கலாம். அங்கும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையை 2025 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டார்கள். அந்த நாட்டுச் சட்டம் அந்த நாட்டுக் கடைக்கு. நம் கடைக்கு நம் நாட்டுச் சட்டம்.

"சிகரெட்டை விற்க விட்டுவிட்டு இதை மட்டும் தடுப்பது என்ன நியாயம்?" இப்படிக் கேட்பதில் பொருள் இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாதத்துக்கு உரிய இடம் சட்டமன்றமும் நாடாளுமன்றமும் நீதிமன்றமும்தான். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து அதைத் தீர்த்துக்கொள்ள முடியாது. சிகரெட்டுக்கும் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்ற நிபந்தனைகள் உண்டு என்பதை இங்கே நினைவூட்டுகிறோம்.

நமக்குப் பயன்படும் சோதனை

மேலே சொன்ன பேட்டரிக் கணக்கு நமக்கு வேறு வகையில் உதவும். மலையில் ராத்திரி வயலுக்குப் போகிறவர்கள் நம்மிடம் சார்ஜ் டார்ச் வாங்குகிறார்கள். அவற்றில் பலவற்றிலும் இருப்பது அதே 18650 செல். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். இவ்வகையில் நல்ல செல் 3,500 எம்.ஏ.எச். அளவுக்குத்தான் கொள்ளும். 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய், சந்தேகமே வேண்டாம். நம் கடைத் தராசிலேயே வைத்துப் பார்க்கலாம். நல்ல செல் சுமார் 45 கிராம் இருக்கும். மிகவும் குறைவாக, 30 கிராம் அளவில் நின்றால் உள்ளே சரக்கு குறைவு என்று தெரிந்துகொள்ளலாம்.

செல், பவர் பேங்க் போன்றவற்றுக்கு இந்தியத் தர நிறுவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. செல்லின் மேல் ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அட்டையில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த நாடு, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். பில் தர முடியாதவர் தரும் சரக்கு, எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலை அதிகம்தான்.

உறிஞ்சும் முனை, திரவம் ஊற்றும் குப்பி, பஞ்சு, சுருள் கம்பி இவற்றோடு எந்தப் பெட்டி வந்தாலும், அதன் பெயர் எதுவானாலும், பிரித்துக்கூடப் பார்க்க வேண்டாம். "வேண்டாம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள். தெரியாமல் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் அதை மறைக்கவோ காட்டோரம் வீசவோ வேண்டாம். கோடையில் சருகு காய்ந்து கிடக்கும் மலை இது, லித்தியம் செல் தீக்குச்சிக்குக் குறைந்ததல்ல. சங்க நிர்வாகிகளிடம் சொல்லி, வழக்கறிஞர் ஆலோசனையுடன், பட்டியல் எழுதி, காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ஒப்புதல் பெற்றுக்கொள்வதே முறை.

கேள்வி கேட்ட உறுப்பினரிடம் இத்தனையும் சொன்னோம். அவர் அந்தப் பெட்டியை வாங்கவில்லை. அடுத்த நடைக்கு வந்த சரக்குக்காரரிடம், "இது எதை ரெகுலேட் பண்ணுது, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டாராம். பதில் வரவில்லை.

புதுச் சரக்கு எதுவானாலும் நாமும் இப்படியே கேட்டுப் பழகுவோம். புரியாத சொல் அட்டையில் இருந்தால், அதன் பொருள் தெரியும்வரை அந்தச் சரக்கு கடையின் வாசற்படிக்கு வெளியே இருக்கட்டும்.